ஆளுக்கு 100 புள்ளி



டிசம்பர் வந்தால் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். டாப் டென் காய்ச்சல். சிறந்த பத்துப் படம், சிறந்த பத்து நாவல், சிறந்த பத்துப் பாட்டு. நாங்களும் தப்பியதில்லை. இந்த முறை இசைப் பக்கத்துக்கு என்ன பட்டியல் என்று பேச்சு வந்தபோது, “இந்த வருடம் வேண்டாம், பழைய வருடம் ஒன்றை எடுப்போம்” என்றேன். பழைய வருடத்தில் ஒரு வசதி. விளம்பரச் சத்தமெல்லாம் அடங்கியிருக்கும், பாட்டு மட்டும் மிச்சம் இருக்கும்.

நான் எடுத்துக்கொண்டது 2010. அந்த வருடத்தின் ஆங்கில இண்டி ஆல்பங்கள்.

‘நமக்கெதுக்கு இதெல்லாம்?’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2010-ல் நம் வீடுகளில் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வும் ‘எந்திரன்’னும்தான் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டிலும் அதேதான். நமக்கு ஆல்பம் என்றாலே ஒரு படத்தின் பாட்டுகள். கதை இருக்கும், நாயகன் இருப்பார், பாட்டு அதற்குள் போய் உட்காரும். படமே இல்லாமல் பத்துப் பன்னிரண்டு பாட்டை ஒரு வரிசையில் அடுக்கி, ‘முதலிலிருந்து கடைசி வரை இதே வரிசையில் கேளுங்கள்’ என்று ஒருவர் நம் கையில் கொடுத்தால் எப்படியிருக்கும்? அந்த அனுபவத்தைத்தான் இந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சிபாரிசு செய்யப் போகிறேன்.

முதலில் இண்டி என்றால் என்ன? 2010-ல் உலகப் பாட்டு வியாபாரத்தின் பெரும்பகுதி யுனிவர்சல், சோனி, வார்னர், இ.எம்.ஐ. என்ற நான்கு கம்பெனிகளின் கையில் இருந்தது. அந்த நால்வரைச் சேராத சின்ன லேபிள்கள் வெளியிடுபவை இண்டி. சின்ன லேபிள் என்றால் சில சமயம் நிஜமாகவே குடும்பத் தொழில். ‘அஸ்த்மாட்டிக் கிட்டி’ என்ற விசித்திரமான பெயர் கொண்ட லேபிளைத் தொடங்கியவர்கள் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸும் அவருடைய மாற்றுத் தந்தையும். வட கரோலினாவின் ‘மெர்ஜ்’ லேபிளை 1989-ல் ஆரம்பித்தது, தங்கள் பாட்டை வெளியிட வழி தேடிய ஒரே பேண்டின் இரண்டு பேர். அந்த மெர்ஜ் என்ன சாதித்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, வரிசைப்படுத்துவது எப்படி?

எனக்கு இந்த ஒன்று, இரண்டு, மூன்று முறையில் பெரிய நம்பிக்கை இல்லை. 2010-க்கே பாருங்கள். ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் முதலிடத்தை கான்யே வெஸ்ட்டுக்குக் கொடுத்தது (அது இண்டியே அல்ல). லண்டனின் ‘என்.எம்.ஈ.’ பத்திரிகையோ ‘தீஸ் நியூ ப்யூரிட்டன்ஸ்’ என்ற பேண்டின் ‘ஹிட்டன்’ ஆல்பத்தை உச்சியில் வைத்தது. இரண்டு பேருமே தொழில் தெரிந்தவர்கள். அதனால் யார் சரி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? நூலிழையா, ஒரு மைலா? வெறும் ரேங்கில் அது தெரியாதே?

இதற்கு நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வாரப் பத்திரிகை 1970-களிலேயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. ‘பாஸ் அண்ட் ஜாப்’ என்று வருடாவருடம் அவர்கள் நடத்திய வாக்கெடுப்பில், ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 புள்ளி. பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. அவ்வளவுதான் விதி.

சம்பளம் வந்த அன்று வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை என்று தனித்தனி கவரில் பணம் பிரித்து வைத்திருக்கிறீர்களா? அதே கதைதான் இதுவும். ஒன்றுக்குக் கூடக் கொடுத்தால் இன்னொன்றில் கை வைத்தாகவேண்டும். ‘எல்லாமே நல்லாருக்கு’ என்று தப்பிக்க முடியாது.

இனி என் கணக்கு.

அதிகபட்சமாக 20 புள்ளி கொடுத்திருப்பது ‘தி நேஷனல்’ பேண்டின் ‘ஹை வயலெட்’டுக்கு. ஐந்து பேர். ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்துக்காரர்கள், பிழைப்புக்காக நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தவர்கள். ஐவரில் நால்வர் இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகள், அதில் டெஸ்னர் சகோதரர்கள் இரட்டையர். ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே பேண்ட் நடத்தியவர்கள். 2001-ல் முதல் ஆல்பம், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ‘ஹை வயலெட்’ அவர்களின் ஐந்தாவது ஆல்பம். அதைப் பெரும்பாலும் பதிவு செய்தது, ஆரோன் டெஸ்னர் வீட்டுப் பின்புறம் ஸ்டூடியோவாக மாற்றிய கராஜில்தான்.

இந்த ஆல்பத்தை நான் மேலே வைக்கக் காரணம் அதன் வயது. பாப் பாட்டு என்றால் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்களின் காதல், கோபம். இது முப்பதுகளின் கடைசியில் இருப்பவரின் குரல். பாடகர் மாட் பெர்னிங்கர் அப்போதுதான் ஒரு பெண் குழந்தைக்கு அப்பா ஆகியிருந்தார். உலகத்தில் எல்லோரையும் பார்த்து பயப்படும் ஒரு தகப்பனின் பாட்டு இதில் இருக்கிறது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவியில் செய்தி பார்த்திருக்கிறீர்களா? அந்த பயம்தான். இன்னொரு பாட்டில் விட்டுவந்த ஊரும் தீராத கடனும் வருகின்றன. இதெல்லாம் அமெரிக்கப் பிரச்னையா என்ன? அடித்தொண்டையில், ஏறக்குறைய பேசுவதுபோலப் பாடுகிறார். முதல் முறை கேட்டபோது எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருந்தது. கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது.

உங்கள் வீட்டில் டெய்லர் ஸ்விஃப்ட் ரசிகை இருந்தால் இன்னொரு செய்தி. 2020-ல் வந்த ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தில் பெரும்பகுதியை டெய்லருடன் சேர்ந்து உருவாக்கியவர் இதே ஆரோன் டெஸ்னர்தான். அடுத்த வருடம் அது கிராமி வாங்கியது. ஆக, அந்த கராஜின் சத்தம் உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது.

அடுத்து 16 புள்ளி, ‘ஆர்கேட் ஃபயர்’ பேண்டின் ‘தி சபர்ப்ஸ்’. கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த பேண்ட். அதை முன்நின்று நடத்தியவர்கள் வின் பட்லரும் ரெஜீன் ஷசான்யும். வின்னும் அவர் தம்பியும் வளர்ந்தது டெக்சாஸில், ஹியூஸ்டன் நகருக்கு வெளியே ‘தி உட்லண்ட்ஸ்’ என்ற புறநகரில். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி தெருக்கள், எதற்கும் கார் எடுக்கவேண்டிய தூரம். நகரத்துக்கு வெளியே இடம் மலிவு, காற்று சுத்தம், பிள்ளைகள் விளையாட இடம் இருக்கும் என்று பெற்றோர் கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வருடங்கள் எப்படி இருந்தன? 16 பாட்டில் அதைத்தான் சொல்கிறார்கள். திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

இந்த ஆல்பத்தின் பாட்டு ஒன்றுக்காக ‘தி வைல்டர்னஸ் டவுன்டவுன்’ என்று இணையத்தில் ஒரு வீடியோ செய்திருந்தார்கள். நீங்கள் சின்ன வயதில் வாழ்ந்த வீட்டின் முகவரியை டைப் செய்தால், கூகுள் மேப்பிலிருந்து அந்தத் தெருவை எடுத்து வீடியோவுக்குள் கொண்டுவந்துவிடும். நம் தெருக்களுக்கு அன்று அந்தக் கொடுப்பினை இல்லை. கூகுள் மேப்பில் தெருவைப் படமாகக் காட்டும் ‘ஸ்ட்ரீட் வியூ’ இந்தியாவுக்கு முறையாக வந்ததே 2022-ல்தான்.

மெர்ஜ் விஷயத்துக்கு வருவோம், ‘தி சபர்ப்ஸ்’ அவர்கள் வெளியீடுதான். 2011 பிப்ரவரி, கிராமி விழா. ‘ஆல்பம் ஆஃப் தி இயர்’ பிரிவில் எமினெம், லேடி காகா, கேட்டி பெர்ரி, லேடி ஆன்டபெல்லம். இவர்களோடு ஆர்கேட் ஃபயர். விருது போனது ஆர்கேட் ஃபயருக்கு! ‘யார் இவங்க?’ என்று அமெரிக்காவில் இணையத்தில் ஒரு கூட்டமே கோபமாகக் கேட்டது. வட கரோலினாவில் இரண்டு பேர் ஆரம்பித்த லேபிள், நால்வர் அணியை ஒரு ராத்திரி ஓரங்கட்டியது.

பிறகு ஏன் 20 இல்லை, 16? ஆல்பம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. மூன்று பாட்டைத் தைரியமாக வெட்டியிருக்கலாம். இன்னொன்றையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 2022-ல் வின் பட்லர் மீது சிலர் பாலியல் அத்துமீறல் புகார் சொன்னார்கள். எல்லாமே சம்மதத்தோடு நடந்தவை என்று அவர் மறுத்தார். அதற்காக நான் புள்ளியைக் குறைக்கவில்லை. ஆனால் முன்பு கேட்டதுபோல் இப்போது கேட்க முடியவில்லை என்பதும் உண்மை. நமக்குப் பிடித்த பாடகர்கள் விஷயத்திலும் இந்தக் கேள்வி வரத்தானே செய்கிறது? வீட்டில் பிள்ளைகள் இதைக் கேட்டால் பேச்சை மாற்றாமல் பேசுங்கள்.

12 புள்ளி வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கில் ஸ்காட்-ஹெரான். 1970-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோபத்தையும் கிண்டலையும் தாளத்தோடு பேசிய கவிஞர், பாடகர். பிறகு போதைப் பழக்கம், வழக்கு, சிறை. 2006-ல் அவர் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருந்தபோது, லண்டனில் ‘எக்ஸ்.எல்.’ என்ற லேபிளை நடத்தும் ரிச்சர்ட் ரஸ்ஸல் கடிதம் எழுதி, நேரிலும் போய்ப் பார்த்து, ‘ஒரு ஆல்பம் செய்யலாமா?’ என்று கேட்டார். அப்படி வந்ததுதான் ‘ஐ’ம் நியூ ஹியர்’. 16 வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு ஆல்பம், மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அதன் முதலிலும் கடைசியிலும் ஒரே கவிதை இரண்டு பகுதிகளாக வருகிறது. அப்பா இல்லாத வீட்டை ‘உடைந்த குடும்பம்’ என்று ஊர் சொல்கிறதே, அதற்குப் பதில் அது. டென்னசியில் அவரை வளர்த்தது பாட்டி. பெண்களால் வளர்க்கப்பட்ட வீடு எப்படி உடைந்த வீடாகும் என்று அந்த மனிதர், தேய்ந்துபோன குரலில், சண்டைக்கு நிற்காமல் கேட்கிறார். பாட்டி கையில் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மறுவருடம் மே மாதம் அவர் காலமானார். அதற்குள் ரிச்சர்ட் ரஸ்ஸல் கேட்டுவிட்டாரே என்று நினைத்துக்கொள்வேன். கான்யே வெஸ்ட்டின் அந்த முதலிட ஆல்பம் இண்டி அல்ல என்றேன் அல்லவா? அதன் கடைசியில் ஒலிப்பதும் கில் ஸ்காட்-ஹெரானின் பழைய குரல்தான்.

இன்னொரு 12, பால்டிமோரின் ‘பீச் ஹவுஸ்’ செய்த ‘டீன் ட்ரீம்’. ஒரு பெண், ஒரு ஆண், இரண்டே பேர். ஸ்டூடியோவாக மாற்றப்பட்ட பழைய தேவாலயம் ஒன்றில் பதிவு செய்தார்கள். பத்துப் பாட்டு. சாயங்காலம் சமையலறையில் ஓடவிட்டுப் பாருங்கள், யாரும் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். இதைப்பற்றி இதற்கு மேல் எழுதினால் கெடுத்துவிடுவேன்.

ஜொஆனா நியூசமின் ‘ஹேவ் ஒன் ஆன் மீ’க்கு 10. மூன்று டிஸ்க், 18 பாட்டு, இரண்டு மணி நேரம்! கையில் ஹார்ப், நம் சங்கப் பாட்டுகளில் வரும் யாழின் தூரத்து உறவு. பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் கேட்கிற ஆல்பம் அல்ல இது. நாளுக்கு ஒரு டிஸ்க் என்று வைத்துக்கொண்டால்தான் தாங்கும். கலைஞர்களுக்குச் சேரவேண்டிய பணம் சேருவதில்லை என்று ஸ்பாட்டிஃபையை வெளிப்படையாகச் சாடியவர் இவர்.

‘வேம்பயர் வீக்கெண்ட்’டின் ‘கான்ட்ரா’வுக்கு 8. துள்ளலான ஆல்பம், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடமே பிடித்தது. அட்டையில் இருக்கும் பெண், தன் பழைய புகைப்படத்தை அனுமதி இல்லாமல் போட்டுவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு, அது 2011-ல் சமரசத்தில் முடிந்தது. நம் படத்தை யாரோ எங்கோ பயன்படுத்தினால் நமக்கு எப்படித் தெரியும்? அது இன்றைக்கு எல்லா வீட்டுக் கவலையும்தானே!

இனி, நீங்கள் எதிர்பார்க்கிற பெயர். எம்.ஐ.ஏ. மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொஞ்ச காலம் நம் மதராஸிலும் வளர்ந்து, போர் துரத்தி மறுபடி லண்டன் போனவர். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், ‘அருளர்’. இரண்டாவதுக்கு அம்மா பெயர், ‘கலா’. 2010-ல் வந்த மூன்றாவதுக்குத் தன் பெயர், ‘மாயா’. ஈழப்போர் முடிந்து ஓராண்டு கடந்திருந்த நேரம். ‘பார்ன் ஃப்ரீ’ பாட்டின் வீடியோவில், செம்பட்டை முடி உள்ளவர்களை மட்டும் ராணுவம் வீடு புகுந்து இழுத்துப் போகிறது. யாரைச் சொல்கிறார் என்று நமக்கு விளக்கவேண்டுமா? பார்க்கச் சகிக்கவில்லை என்று உலகம் கத்தியது. ஆல்பத்தையும் பல விமர்சகர்கள் கிழித்தார்கள். கைபேசி, இணையம், அரசாங்கக் கண்காணிப்பு மூன்றையும் முடிச்சுப் போட்டு ஆரம்பிக்கிறது ஆல்பம், அதை மிகை என்றார்கள். மூன்று வருடம் கழித்து, அதே கண்காணிப்பைப் பற்றி எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் வந்தன.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் கொடுத்திருப்பது 7. தமிழ்ப் பெயர் என்பதற்காகத் தூக்கி மேலே வைக்க மனம் வரவில்லை. ‘கலா’ இதைவிட நல்ல ஆல்பம். இதில் பாதிக்குமேல் காது வலிக்கிறது. வலிக்கட்டும் என்றுதான் செய்திருக்கிறார், அதுவும் தெரிகிறது. ஆனாலும் 7.

மீதமுள்ள 15-ல் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘ஏஜ் ஆஃப் ஆட்ஸ்’, ‘டியர்ஹன்ட்டர்’ பேண்டின் ‘ஹால்சியன் டைஜஸ்ட்’, ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ செய்த ‘தி மானிட்டர்’, மூன்றுக்கும் தலா 5. சுஃப்யான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஒன்று மட்டும் 25 நிமிடம். பொறுமை உள்ளவர்கள் அவருக்கு 10 கொடுப்பார்கள், நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

2010 என்ற வருடத்தைச் சும்மா எடுக்கவில்லை. அமெரிக்காவுக்கு ஸ்பாட்டிஃபை வந்தது 2011-ல், நமக்கு 2019-ல். ஆல்பத்தை வாங்கியோ டவுன்லோடு செய்தோ முழுசாகக் கேட்ட பழக்கத்தின் கடைசிக் காலம் அது. இன்று அடுத்த பாட்டு எதுவென்று முடிவு செய்வது நாம் இல்லை. 2021-ல் அடெல், புது ஆல்பம் வந்த கையோடு ஸ்பாட்டிஃபையிடம் ஒரு கோரிக்கை வைத்தார். ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் பட்டனை முன்னால் வைக்காதீர்கள், யோசித்துத்தானே வரிசை போடுகிறோம் என்று. அவர்களும் கேட்டார்கள். ஒரு பாடகி கெஞ்சித்தான் பாட்டுகள் வரிசைப்படி வரவேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு காதிலும் நான்கு பாட்டு. குறை சொல்லவில்லை, என் காதிலும் இயர்போன்தான். ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை எல்லோரும் கேட்க முடியாதா? 40 நிமிட விஷயம். ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணமான வருடம், பிள்ளை பிறந்த வருடம், எதுவானாலும் சரி. ஆளுக்கு 100 புள்ளி. அப்பா பட்டியலில் அம்மா கை வைக்கக்கூடாது, பிள்ளைகள் பட்டியலில் யாருமே கை வைக்கக்கூடாது.

ஆங்கிலம்தான் வேண்டும் என்பதில்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-ல் வந்தது, படம் இல்லாத ஆல்பம்தான். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ராவின் ‘வல்லவன்’ 2006. இப்படித் தேடினால் கிடைக்கும். பத்து கிடைக்காவிட்டால் ஐந்து போதும், கூட்டினால் 100 வரவேண்டும், அவ்வளவுதான்.

போட்டு முடித்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். எதற்கு ஏன் அவ்வளவு புள்ளி என்று இரண்டு வரி எழுதினால் போதும். பிப்ரவரி இதழில் பிரசுரிக்கிறோம். ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கொன்று ஒத்தே வராத இரண்டு பட்டியல் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். தயவுசெய்து பேசிச் சமாதானமாகி ஒன்றாக்கி அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்